பருத்துப்போன எட்டாம் கப்பு

ஹட்டனில் நான் வேலை பார்த்த பட்டறைக்குப் புதிதாக ஸ்கேனர் ஒன்று வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். டார்ச் லைட் போன்ற ஒன்றைக் கையில் பிடித்து, தேய்ந்த இரும்புத் துண்டு ஒன்றைச் சுற்றி ஆரத்தி எடுப்பதுபோல் காட்டினார்கள். கணினித் திரையில் அந்தத் துண்டு அப்படியே எழுந்து நின்றது. அதன்மேல் புதுத் துண்டின் வடிவத்தை ஏற்றினார்கள். இரண்டும் நகர்ந்து, திரும்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தேய்ந்த இடமெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. எனக்குக் கொடுத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"எப்படிங்க இருக்கு?" என்றார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தோட சேரணும்னு அதுக்கு யாரு சொல்றது?"

"யாரும் சொல்லத் தேவையில்லைங்க. அதுவே பொருத்திக்கும்."

கோப்பையைக் கீழே வைத்தேன். அதுவே பொருத்திக்கொண்ட ஒரு சில்லு, அதாவது ஒரு சக்கரம், முன்பொரு முறை ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது. அதற்கு வழி செய்து கொடுத்த மகான் நான்தான். அதை எழுதித் தாருங்கள் என்று பட்டறையில் கேட்டார்கள். கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன். பென்சன்காரன் வாயை யாரால் கட்ட முடியும்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெல்டிங் பழகத்தான் அந்தப் பட்டறையில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் பழகினேன். இரண்டு தகடுகளை ஒட்டச் சொன்னால் மூன்றாக்கிக் கொடுப்பேன். வெல்டர் செபமாலை அண்ணன் என் வேலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "சல்லடை செஞ்சிருக்கியா பெரியசாமி? தேயிலைத் தூளு சலிக்க ஆகும்" என்பார். கடைசியில் என்னிடமிருந்து நெருப்பைப் பிடுங்கி, அளவுக்கோலைக் கையில் கொடுத்தார்கள். அளப்பதில் எதையும் எரிக்க முடியாது என்று நினைத்தார்கள். பாவம்.

பட்டறைக்குப் பொறுப்பாக இருந்தவர் பரமநாதன் சார். யாழ்ப்பாணத்து இன்ஜினியர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காகிதத்தைத் தொடுவதற்கு முன்னால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவார். பென்சிலை பிளேடால் சீவி, முனையைச் சுண்டுவிரலில் குத்திப் பார்ப்பார். கடிதங்களுக்குக் கையெழுத்துப் போடுவது பின்னேரம் நாலு மணிக்கு மட்டும்தான். மனிதருக்கு உண்மையிலேயே கோபம் வந்தால் "நல்லது" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு லேத் மெஷின்காரர்கூட மெஷினை நிறுத்திவிடுவார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்தில் போட்டுவிட்டுப் போன சின்னச் சின்ன நீர் மின்சார டர்பைன்களைத் திரும்ப ஓடவிட ஆரம்பித்தார்கள். அப்படி ஒன்று நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்களிடம் வந்தது. லொறிச் சில்லு அளவில் வெண்கலச் சில்லு. அதன் விளிம்பைச் சுற்றி, இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து ஏந்தியதுபோல் பதினெட்டுக் கிண்ணங்கள். குழாயிலிருந்து பீறிட்டு வரும் தண்ணீர் அவற்றில் அடித்துத்தான் சில்லு சுற்றும். கிண்ணங்களை நாங்கள் கப்பு என்போம். ஆற்று மணல் அரித்து அரித்து ஒவ்வொரு கப்பும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

எங்கள் முறை இதுதான். சில்லைச் சுழல் மேசையில் படுக்க வைத்து, ஊசி முனைக் கோல் ஒன்றால் ஒவ்வொரு கப்பிலும் அறுபது இடங்களைத் தொடுவேன். தொட்ட இடத்தின் திசை, தூரம், உயரம் மூன்றையும் கொப்பியில் எழுதுவேன். பிறகு கணினியில் அடிப்பேன். கப்பு சில்லோடு சேரும் அடியில் எத்தனை மில்லிமீட்டர் கனம் இருக்கிறது என்று தனியாகப் பார்ப்பேன். பதினாலுக்குக் குறைந்தால் செபமாலை அண்ணன் வெண்கலக் கம்பி உருக்கி அதைத் திரும்பக் கட்டி எழுப்ப வேண்டும். ராவிப் பளபளப்பாக்கிய பிறகு எது பழசு, எது கட்டியது என்று கண்ணுக்குத் தெரியாது. அது அவருடைய பெருமை. அதுவே அவருக்கு வினையாகவும் வந்தது.

அளந்த புள்ளிகளை வைத்துக்கொண்டு, ஒரு வடிவத்தை இன்னொரு வடிவத்தின்மேல் பொருத்தும் புரோகிராமை சாரே எழுதியிருந்தார். எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு விளக்கவும் செய்தார்.

"ஒவ்வொரு புள்ளியும் தனக்குக் கிட்ட இருக்கிற மற்றப் புள்ளியைச் சோடியாப் பிடிக்கும். பிறகு அந்த இடைவெளி குறையிற மாதிரி முழு உருவமும் கொஞ்சம் அசையும், கொஞ்சம் திரும்பும். திரும்பவும் புதுச் சோடி. இனிக் குறையாது எண்ட இடத்தில நிக்கும். விளங்குதோ?"

"பெரட்டுல பேரு கூப்பிடாம, அவங்கவங்க கிட்ட இருக்கிற இடத்துல போயி நில்லுங்கன்னு சொல்லி ஆளு எண்ணுற மாதிரிங்களா சார்?"

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தை அவர் பார்த்திருக்கிறார். கொஞ்சம் யோசித்தார். "ஏறத்தாழ அப்பிடித்தான்" என்றார். அன்று முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் ஒரு கணித மேதை.

சில்லின் நடுவே அச்சுத்தண்டு நுழையும் துளையின் புள்ளிகளையும் அடிக்கத்தான் வேண்டும். அச்சில் சில்லு வழுக்காமல் இருக்கக் கட்டை செருகும் வெட்டு அந்தத் துளையில்தான் இருக்கும். கீவே என்போம். சில்லுக்கு ஒன்றே ஒன்று. ஆனால் அடித்து அடித்து விரல் வீங்கியிருந்ததால், "கப்பு மட்டும் போதும்தானே சார்?" என்று கேட்டேன். கணினியும் நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. அவரும் "ஓம்" என்றார். கீவேயைக் கொப்பியின் முதல் பக்கத்தில் படமாக மட்டும் வரைந்து வைத்தேன். நாலாம் கப்புக்கும் ஐந்தாம் கப்புக்கும் நடுவில்.

கனம் குறைந்திருந்த கப்புகள் நாலு என்று முடிவானது: மூன்று, ஆறு, பதினொன்று, பதினைந்து. நாலையும் செபமாலை அண்ணன் கட்டி முடித்து, கேஸ் சிலிண்டரைப் பூட்டிவிட்டார். வெளியே லொறி நிற்கிறது. கடைசித் தடவையாக ஒருமுறை பார்த்துக்கொண்டு வந்தபோது எட்டாம் கப்பில் கோல் பதின்மூன்றரை காட்டியது. முதலில் அவசரத்தில் விட்டிருக்கிறேன்.

செபமாலை அண்ணன் என் மூஞ்சியைப் பார்த்தார். "இன்னொன்னுன்னு சொன்ன, டார்ச்ச உன் வாயில வச்சுருவேன்."

மேலிருந்து சார் படி இறங்கி வந்து, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். "ஏழு?" "சரிங்க சார்." "எட்டு?"

அரை மில்லிமீட்டர்தானே. தலைமுடி நாலைந்தைச் சேர்த்து வைத்த அளவு.

"சரிங்க சார்."

கொப்பியில் மட்டும் பதின்மூன்றரை என்றே எழுதினேன். வாய் பொய் சொன்னது, கை சொல்லவில்லை. கைக்கு அந்தளவு மூளை இருந்திருக்கிறது.

கப்புகளில் இலக்கத்தைக் குத்திப் பதிக்க சார் விடமாட்டார். குத்தின இடத்தில் வெடிப்பு தொடங்கும் என்பார். அதனால் பெயிண்டில்தான் எழுதினேன். தோட்டத்தில் சில்லை ஏற்றியபோது பூசை வைத்தார்கள். டர்பைனைப் பார்த்துக்கொள்ளும் மாரிமுத்து அண்ணன் குங்குமத்தைக் கிரீஸில் குழைத்து வைத்திருந்தார்.

"இப்படிக் குழைச்சு வச்சா எந்தத் தண்ணிக்கும் அழியாதுங்க" என்றார்.

"அப்படின்னா ஒண்ணாம் நம்பர் கப்புக்கு நேரா வைங்க" என்று இடத்தைக் காட்டினேன். சில்லின் நடுப் பகுதியில், ஒன்றாம் கப்புக்கு நேராகப் பெரிய பொட்டாக வைத்தார். பெயிண்ட் போனாலும் பொட்டு இருக்கும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஒன்பது மாதம் ஓடியது. ஆயுத பூசைக்கு டர்பைனை நிறுத்தி, மறுநாள் காலையில் தண்ணீரைத் திறந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கப்பு அடியோடு வெடித்து, பாதி பிய்ந்து, மேல் மூடியைக் கிழித்துக்கொண்டு பறந்தது. மாரிமுத்து அண்ணனின் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் போய்ச் சுவரில் அடித்ததாம். தோட்டத்து மேனேஜரான துரையிடமிருந்து கடிதம் வந்தது: பிழை யாருடையது, ஒரு கிழமைக்குள் பெயரோடு எழுதித் தர வேண்டும்.

சில்லு பட்டறைக்கு வந்தது. மணல் பட்டு, ஒரு இலக்கம்கூட மிச்சமில்லை. ஆனால் நடுவில் சிவப்பாகப் பொட்டு இருந்தது. மாரிமுத்து அண்ணனை மனதுக்குள் வாழ்த்திவிட்டு, பொட்டுக்கு நேரான கப்பை ஒன்று என்று வைத்து எண்ணினேன். உடைந்தது பதினொன்று. செபமாலை அண்ணன் கட்டியது.

அவர் வந்து வெடிப்பில் பெருவிரலை வைத்து மெதுவாகத் தடவினார்.

"இது என் கை இல்ல சார்."

"ஐசே செபமாலை, பாத்து எப்பிடிச் சொல்லுறீர்? எல்லாம் ஒரே மினுக்கம்தானே."

"பாத்துச் சொல்லலீங்க. தொட்டுச் சொல்றேன்."

"தொட்டுச் சொன்னதைக் கடிதத்தில எழுத ஏலாது. பெரியசாமி, நீர் அளவும்."

இரண்டு நாள் அளந்தேன். பழைய புள்ளிகள், புதிய புள்ளிகள், இரண்டையும் புரோகிராமுக்குக் கொடுத்தோம். பழைய ஒன்றாம் கப்புக்குப் புதிய ஒன்றாம் கப்பு என்று தொடக்கத்தை நான்தான் சொன்னேன். அது கொஞ்சம் அசைந்தது, கொஞ்சம் திரும்பியது, நின்றது. பிழை மயிரிழை அளவு. சாரின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துபோனதை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஒவ்வொரு கப்பிலும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பட்டியல் வந்தது. பதினொன்று நாசம். மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். எட்டில் மட்டும் தேய்வு இல்லை. அடியில் அரை மில்லிமீட்டர் கூடியிருந்தது.

"என்னங்க சார், எட்டாம் கப்பு பருத்திருக்கு. புள்ளத்தாச்சியா இருக்குமோ?"

"பகிடியை விடும். உம்மட கோல் நடுங்கியிருக்கும்."

என் கோல் நடுங்குமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பகிடி விட்ட திருப்தியே எனக்குப் போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை செபமாலை அண்ணனை வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் டைப்பாகிவிட்டது. சாரின் மேசையில் வெள்ளிக்கிழமை நாலு மணிக் கட்டில் அதுவும் ஒன்று. பட்டறைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் மாதக் கடைசிக்குள் வீடும் போகும். அவருடைய மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் மெஷின், எல்லாம் அந்த இரண்டு அறைக்குள்தான்.  அவர் வழக்கம்போல் என்னைக் கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பிய்ந்துபோன துண்டை எடுத்துவரச் சொல்லி என்னை நோட்டன் பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். மாரிமுத்து அண்ணன் துண்டைக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தார்.

"உங்க கிரீஸ் பொட்டு பிரமாதம்ணே. ஒம்பது மாசமா அப்படியே இருக்கு" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது எங்கங்க இருக்கு? அது தை மாசமே போயிருச்சு. இது இப்ப ஆயுத பூசைக்கு வச்சது."

"ஒண்ணாம் நம்பருக்கு நேராதானே வச்சீங்க?"

"நம்பரு எங்கங்க தெரியுது? சில்லு நிக்கிறபடி நிக்கும். மேல வந்த கப்புக்கு நேரா வச்சேன். எனக்குக் குனிய முடியாதுங்க, இடுப்புல வாயு."

துண்டு என் கையில் கனத்தது. பருத்துப்போன எட்டாம் கப்பு ஞாபகத்துக்கு வந்தது. வெண்கலம் வளராது. வளர்ந்ததாகத் தெரிந்தால், அது வேறு கப்பு.

பெரட்டில் தலை எண்ணிக்கை சரியாக வந்திருக்கிறது. நின்றவர்கள் ஆள் மாறி நின்றிருக்கிறார்கள். பதினெட்டுக் கப்பும் ஒரே அச்சில் வார்த்த பிள்ளைகள். சில்லை எத்தனை கப்பு தள்ளித் திருப்பி வைத்தாலும் ஒன்றின்மேல் ஒன்று வடிவாகவே உட்காரும். புரோகிராமின்மேல் குற்றமில்லை. இதுதான் ஒன்று என்று நான் சொன்னேன், அது நம்பியது.

ஹட்டன் பஸ் பன்னிரண்டரைக்கு வர வேண்டியது, ஒன்றேகாலுக்கு வந்தது. பாதி வழியில் மண் சரிந்து ஒரு பக்கம்தான் பாதை. எதிரே வரும் லொறிகளுக்கெல்லாம் வழி விட்டு, பஸ் நின்று நின்று போனது. கண்டக்டரிடம் மூன்று தடவை மணி கேட்டேன். "மாத்தயாவுக்கு இன்னிக்குக் கல்யாணமா?" என்றார். வேறு நாளென்றால் பதில் சொல்லியிருப்பேன்.

பட்டறைக்குள் நுழையும்போது நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது. நேரே சில்லிடம் ஓடி, பொட்டிலிருந்து எண்ணினேன். கீவே ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தது. பழைய கொப்பியைத் திறந்தேன். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில். மூன்று கப்பு தள்ளி எண்ணியிருக்கிறேன். அப்படியென்றால் நான் பதினொன்று என்று சொன்னது எட்டு.

எட்டு. பதின்மூன்றரை. "சரிங்க சார்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பொட்டு மாறியதை மட்டும் சொன்னால் செபமாலை அண்ணன் தப்பிவிடுவார். எட்டு ஏன் உடைந்தது என்று யாரும் கேட்காமல் இருந்தால் நானும் தப்பிவிடுவேன். ஆனால் கொப்பியில் என் கையெழுத்து இருக்கிறது, சார் கொப்பி கேட்பார். எனக்கும் ஒரு வீடு இருந்தது, ஒரு மனைவியும் இருந்தாள். அவளுடைய வாய்க்குப் பயந்தே நான் பொய்யனானவன்.

மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சார் கை கழுவுகிறார். படி ஏறினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடிதக் கட்டு மேசையில் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்: பொட்டு, கிரீஸ், மாரிமுத்து அண்ணனின் இடுப்பு, கீவே. 

"அப்ப உடைஞ்சது எட்டு."

"ஆமாங்க சார்."

"எட்டைச் செபமாலை தொடவே இல்லை."

"இல்லைங்க."

"பிறகேன் உடைஞ்சது?"

கொப்பியை விரித்து அவர் முன்னால் வைத்தேன். எட்டின் வரியைக் காட்டினேன்.  பதின்மூன்றரை என்ற இடத்தில் பென்சிலை வைத்தார்.

"எட்டு எண்டு நான் கேட்டனான். நீர் என்ன சொன்னனீர்?"

"சரின்னு சொன்னேங்க."

அவர் எழுந்துபோய்த் திரும்பவும் கை கழுவினார். ஏற்கெனவே கழுவிய கையை. கீழே லேத் ஓடும் சத்தம் நின்றிருந்தது. வந்து உட்கார்ந்து, செபமாலை அண்ணனின் கடிதத்தை எடுத்து, நான்காகக் கிழித்து, கிழிசல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். பிறகு தன் புரோகிராம் தந்த பட்டியலை எடுத்துப் பார்த்தார்.

"இலக்கம் வடிவா வந்தது. அதால நான் மேற்கொண்டு கேக்கேல்லை. எட்டு பருத்ததை நீர் பகிடியாச் சொன்னீர், நான் அதையும் விட்டிட்டன்." கொஞ்சம் நிறுத்தி, "நல்லது" என்றார்.

யாரைப் பார்த்துச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொன்னபோது அவர் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு துரையிடம் போனார். சிங்களத்தில்தான் பேசினார்கள். அளந்தவன் பெயரைத் துரை கேட்டார். கொண்டுபோன பதில் கடிதத்தின் அடியில் இருந்த தன் கையெழுத்தை சார் விரலால் காட்டினார், அவ்வளவுதான். சில்லை எங்கள் செலவிலேயே திருத்திக் கொடுத்தோம். மாரிமுத்து அண்ணன் தன் தோளைக் காட்டி, எத்தனை சாண் தள்ளித் துண்டு போனது என்று எனக்கு அளந்து காட்டினார். அந்த அளவை நான் கொப்பியில் எழுதவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

எனக்கு வீடும் வேலையும் மிஞ்சின. தண்டனையும் வந்தது. ஒரு வருஷத்துக்குக் கோலைத் தொடக்கூடாது. செபமாலை அண்ணனுக்குக் கம்பி எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் வேலை முறையின் முதல் வரியையும் சார் மாற்றி எழுதினார்: எந்த வடிவத்தை அளந்தாலும், அதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருப்பது எதுவோ, அதை முதலில் தொட வேண்டும்.

செபமாலை அண்ணன் என்னோடு பேசவில்லை. கம்பி வேண்டுமென்றால் கையை நீட்டுவார். தவறான கம்பியைக் கொடுத்தால் திருப்பி நீட்டுவார். மாதக்கணக்கில் அப்படித்தான் போனது. வீட்டிலிருந்து தையல் மெஷின் சத்தம் வரும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அடுத்த ஆயுத பூசை வந்தது. எங்கள் பட்டறையில் அன்றைக்குச் சாமி வித்தியாசம் கிடையாது. வேதக்காரரான செபமாலை அண்ணன்தான் வருஷா வருஷம் கடலை பங்கிடுவார். மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடிந்ததும் எல்லோரும் வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது அவர் கடலைப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, லேத்திலிருந்து ஒரு விரல் கிரீஸ் வழித்தார். குங்குமத்தில் குழைத்தார். என் தலையைப் பின்னால் சாய்த்து, நெற்றியில் பெருவிரலை அழுத்தி, பெரிய வட்டமாக வைத்தார்.

"இதுதான் ஒண்ணாம் நம்பரு. இனி எண்ணுறப்ப இங்க இருந்து எண்ணு."

பட்டறையே சிரித்தது. மாடிப்படியில் நின்ற சார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். செபமாலை அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்களுக்கு ஒரு கை என்றால் எனக்கு இரண்டு கை கடலை போட்டார்.

அந்தப் பொட்டோடுதான் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். மனைவி தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். நாலாம் நாள்தான் போனது. மாரிமுத்து அண்ணன் முழுப் பொய் சொல்லவில்லை.